ஒரு மீட்டர் கோட்டுக்கு வெளியே இருக்கும் சதுப்பு

சுரங்கத் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அறிக்கைகளில் ஒரு வரைபடம் தவறாமல் இருக்கும். நடுவில் குழி. அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள். குழிக்குள் ஊறும் தண்ணீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றும்போது சுற்றுப்புறத்தில் நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதைக் காட்டும் கோடுகள் அவை. குழியின் ஓரத்தில் ஐம்பது மீட்டர், அப்புறம் இருபது, பத்து, ஐந்து என்று குறைந்துகொண்டே வந்து ஒரு மீட்டர் கோட்டோடு படம் முடிந்துவிடும். அதற்கு வெளியே வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைப் பகுதியில் ஒரு சதுப்பு நிலம் இருந்தால், அதைப் பற்றி அறிக்கையில் ஒரே வரிதான் வரும்: 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.'

நிலத்தடி நீரை அளப்பதும் கணக்குப் போடுவதும் என் தொழில். இந்த மாதிரிப் படங்களை நானே வரைந்திருக்கிறேன், பிறர் வரைந்ததைச் சரிபார்த்தும் கொடுத்திருக்கிறேன். ஈரநிலங்களைச் சுரங்கங்களிடமிருந்து காப்பது பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் அந்த ஒரு மீட்டர் கோடுதான் கண்முன் வரும். ஒரு சதுப்பு நிலம் அழிய ஒரு மீட்டர் தேவையில்லை. ஒரு சாண் போதும்.

கோடு ஏன் ஒரு மீட்டரில் நிற்கிறது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆழமான கிணறுகளில் மழைக்கும் கோடைக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறி இறங்குவது சாதாரணம். அதைவிடச் சிறிய மாற்றத்தைக் கணினியில் போட்ட கணக்கு காட்டினாலும் அதை நம்ப முடியாது என்பார்கள். ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருப்பவருக்கு இந்த வாதம் பொருந்தும். மோட்டாரை ஒரு மீட்டர் கீழே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் கோரைக்கும் பாசிக்கும் இறக்கிக்கொள்ள எதுவும் இல்லை. வேர் எட்டும் ஆழத்தில் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அங்கே எது முளைக்கும், எது முட்டையிடும், எது வந்து தங்கும் என்பதெல்லாம் அமைகிறது. கோடையில் நீர்மட்டம் இருபது சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கி, ஒரு மாதம் முன்னதாகத் தரை வறண்டால், தலைப்பிரட்டை தவளையாவதற்குள் குட்டை காய்ந்துவிடும். இதை எந்த மீட்டர் கோடும் காட்டாது.

ஒரு திட்டத்தில் பத்து சென்டிமீட்டர் கோட்டையும் வரைந்து பார்க்கலாம் என்று சொன்னேன். வரைந்தோம். அது பக்கத்துச் சதுப்பின் குறுக்கே நேராகப் போனது. அந்த ஆய்வை எங்களுக்குக் கொடுத்திருந்த நிறுவனத்தின் மேலாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோட்டை எடுத்துடுங்க சார், படிக்கிறவங்க பயந்துடுவாங்க" என்றார். மிரட்டல் தொனியே இல்லை, இயல்பாகத்தான் கேட்டார். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு அந்தப் படம் பின்னிணைப்புகளில் ஒன்றின் கடைசிப் பக்கத்துக்குப் போனது. முதன்மை அறிக்கையில் பழைய ஒரு மீட்டர் கோடே நின்றது. அந்த ஊரின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இங்கே தேவையில்லை. எந்த நாட்டு அறிக்கையை எடுத்தாலும் இதே பழக்கத்தைப் பார்க்கலாம்.

நீர்மட்டத்தை அளக்கும் வேலையே எளிமையானது. நிலத்தில் ஒரு குறுகலான குழாய். அதற்குள் அளவுகள் குறித்த நாடாவை இறக்குவோம். நாடாவின் முனை தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று சத்தம் வரும். குழாயின் வாயில் கட்டை விரலை வைத்து அளவைப் படித்து எழுதிக்கொள்வோம். கெட்டியான தரையில் இது பத்து நொடி வேலை. பீட் எனப்படும் மக்காத தாவரக் கரிமண் நிலத்தில் வேறொரு சிக்கல் வரும். நீர் வடிய வடிய அந்த மண் சுருங்கும், காற்றுப் பட்டு மக்கும், தரையே கீழே போகும். அடியில் கெட்டி மண்ணில் ஊன்றிய குழாயோ அசையாது. முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த குழாயின் வாய் சில வருடங்களில் இடுப்புக்கு வந்துவிடும். குழாய் வாயிலிருந்து மட்டும் அளந்தால் நீர்மட்ட இறக்கம் தெரியும், தரையின் இறக்கம் தெரியாது. இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தலை மட்டம் தரையோடு இருக்கும்படி ஒரு இரும்புத் தூணைப் புதைத்தார்கள். இன்று அது நிலத்துக்கு மேலே சுமார் நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கே நீரை வடித்தது விவசாயத்துக்காக. ஆனால் எதற்காக வடித்தாலும் பீட் அப்படித்தான் இறங்கும்.

பீட் வளரும் வேகம் ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தடிமன் என்றால் ஆயிரம் ஆண்டு. உலகின் நிலப்பரப்பில் மூன்று சதவீதம்தான் பீட் நிலம், ஆனால் உலகக் காடுகளின் மரம் செடிகளில் இருக்கும் மொத்தக் கார்பனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அதற்குள் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். எரிபொருளுக்காகவும் தோட்ட மண்ணுக்காகவும் பீட்டையே வெட்டி எடுப்பது தனிக் கதை. அயர்லாந்தின் அரசு நிறுவனமான போர்ட் னா மோனா 2021 ஜனவரியில் அந்த வெட்டலை முழுமையாக நிறுத்துவதாக அறிவித்தது. வெட்டிய நிலங்களில் பழைய வடிகால்களை அடைத்து மறுபடி நீரைத் தேக்கும் வேலை இப்போது நடக்கிறது.

சில ஈரநிலங்களின் மண்ணுக்குள் பைரைட் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். நீருக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சாதுவாகக் கிடக்கும். நீர் வடிந்து காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். அந்த அமிலம் மண்ணிலிருக்கும் அலுமினியத்தையும் பிற உலோகங்களையும் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகும். ஓடையின் அடியில் துரு நிறத்தில் ஒரு வண்டல் படியும். தண்ணீர் மட்டும் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. உயிர் எதுவும் இல்லாத தண்ணீர் சில சமயம் அப்படித்தான் இருக்கும்.

எல்லைக்கோடு எப்படி ஏமாற்றும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் ஒகிஃபனோகி சதுப்பு. ஜார்ஜியா மாநிலத்தின் தெற்குக் கோடியில், நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. பெரும்பகுதி தேசிய வனவிலங்குப் புகலிடம், அதற்குள் யாரும் சுரங்கம் தோண்ட முடியாது. ஆனால் அதன் கிழக்கு ஓரத்தில் டிரெயில் ரிட்ஜ் என்றொரு நீண்ட மணல் மேடு இருக்கிறது. பழங்காலக் கடற்கரையின் மிச்சம். சதுப்பின் தண்ணீர் கிழக்கே வடிந்துவிடாமல் தடுத்து நிற்பது அந்த மேடுதான். அதன் பெரும்பகுதி புகலிடத்தின் எல்லைக்கு வெளியே, தனியார் நிலத்தில் இருக்கிறது. அந்த மணலில் டைட்டானியம் கனிமங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு பெயிண்டுக்கும் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெள்ளை நிறம் கொடுக்கும் பொடியாக மாறுகிறது.

1990களில் டூபான்ட் நிறுவனம் அங்கே தோண்டப் பார்த்தது. எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டு, 2003இல் சுமார் 16,000 ஏக்கரைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டது. 2019இல் டுவின் பைன்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் விண்ணப்பித்தது. பிறகு சுருக்கிய திட்டப்படி முதற்கட்டமாகச் சுமார் 580 ஏக்கர், புகலிடத்தின் எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். மணலை அள்ளி, கனிமத்தைப் பிரித்து, மீதி மணலைத் திரும்பக் குழியில் போட்டு மூடிவிடுவோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மேடு வெறும் மணல் குவியல் இல்லை. இடையிடையே கரிமப் பொருள் இறுகிப்போன கறுப்புப் படலங்கள் உண்டு, தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு மெதுவாக நகர வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. தோண்டி, கலக்கி, திரும்பக் கொட்டினால் அளவு அதே மணல்தான், அடுக்கு போய்விடும். பாத்திரத்தின் விளிம்பை உடைத்துவிட்டு, பாத்திரத்தை நான் தொடவே இல்லை என்று சொல்வதைப் போன்றது இது.

2020இல் எந்த ஈரநிலங்கள் மத்திய அரசின் பாதுகாப்பில் வரும் என்ற விதியே அங்கே சுருக்கப்பட்டது. மத்திய அனுமதி தேவையில்லை என்றாகி, முடிவு மாநிலத்தின் கைக்குப் போனது. 2024இல் மாநில அரசு வரைவு அனுமதிகளை வெளியிட்டது. பல்லாயிரக்கணக்கானவர்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தார்கள், நீரியல் அறிஞர்கள் கணக்கைக் கணக்கால் மறுத்தார்கள். கடைசியில் 2025 ஜூனில் தி கன்சர்வேஷன் ஃபண்ட் என்ற அமைப்பு சுமார் 7,800 ஏக்கரை அந்த நிறுவனத்திடமிருந்து ஏறக்குறைய 6 கோடி டாலர் கொடுத்து வாங்கிவிட்டது. நிம்மதியான செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் மேடு முழுவதும் வாங்கப்படவில்லை, மேடு முழுவதையும் காக்கும் சட்டமும் மாநில அவையில் நிறைவேறவில்லை. இன்னொரு துண்டு நிலத்துக்கு இன்னொரு விண்ணப்பம் வந்தால் மறுபடி நிதி திரட்ட வேண்டியதுதான்.

அரசே முடிவு செய்த இடம் தென்னாப்பிரிக்காவின் செயின்ட் லூசியா ஏரிப் பகுதி. அங்கேயும் மணல் மேடுகள், அங்கேயும் டைட்டானியம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் உயரமான மேடுகள் மழைநீரை உள்வாங்கி வைத்துக்கொண்டு ஏரிப் பக்கமாகக் கசியவிடுகின்றன. வறட்சியில் ஏரி கடலைவிட உப்பாகும் காலத்தில், அந்தக் கசிவு விழும் கரையோரம்தான் நன்னீர் உயிர்கள் ஒதுங்கிப் பிழைக்கும் இடம். மேடுகளைத் தோண்டும் திட்டத்துக்கு எதிராக மூன்று லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அந்த நாட்டில் அதுவரை நடந்திராத அளவுக்குப் பெரிய தாக்க மதிப்பீடு நடந்தது. நீதிபதி ஒருவர் தலைமையிலான மறுஆய்வுக் குழு தோண்ட வேண்டாம் என்றது. 1996இல் அமைச்சரவை அதை ஏற்றது. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, இன்று அதன் பெயர் இசிமங்கலிசோ. அந்த மதிப்பீட்டில் எனக்குப் பிடித்தது, ஏரியின் எல்லையை மட்டும் பார்க்காமல் மேட்டுக்குள் இருக்கும் தண்ணீரையும் ஏரியின் பகுதியாகவே கணக்கில் எடுத்தது.

குழி மட்டும் ஆபத்தில்லை. ஸ்பெயினில் அஸ்னல்கொயார் சுரங்கத்தின் கழிவுத் தேக்கம் 1998 ஏப்ரல் 25 அன்று உடைந்தது. பல லட்சம் கன மீட்டர் அமில நீரும் உலோகச் சேறும் குவாடியாமர் ஆற்றில் இறங்கி, டொன்யானா சதுப்புகளை நோக்கிப் போனது. அவசர அவசரமாக மண் அணை போட்டுத் தேசியப் பூங்காவுக்குள் பெரும்பகுதி நுழையாமல் தடுத்தார்கள். ஆற்றோரம் 4,000 ஹெக்டேருக்கு மேல் சேறு படிந்தது, செத்த மீன்களை டன் கணக்கில் அள்ளினார்கள். சுரங்கம் பூங்காவுக்குப் பக்கத்தில்கூட இல்லை, ஆற்றின் மேல்மடையில் பல பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. தண்ணீர் வரும் திசையில் எவ்வளவு தள்ளி இருந்தாலும் அது பக்கத்தில் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

இப்போது கனிமம் தேவை என்ற வாதம் புதிய தெம்போடு வந்திருக்கிறது. மின்சார வண்டிகளுக்கு லித்தியம் வேண்டும், நிக்கல் வேண்டும். இந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. புவி சூடாவதைக் குறைக்காமல் எந்தச் சதுப்பையும் காப்பாற்ற முடியாது. ஆனால் சிலியின் அட்டகாமா உப்புப் படுகையைப் பாருங்கள். அங்கே லித்தியம் எடுப்பது என்றாலே நிலத்தடி உப்புநீரை உறிஞ்சி வெயிலில் ஆவியாக்குவதுதான். படுகையின் ஓரத்தில் மலையிலிருந்து வரும் நன்னீர் அந்த உப்புநீரின் மேல் மிதந்தபடி வந்து குளங்களாகத் தேங்குகிறது. ஃபிளமிங்கோக்கள் அந்தக் குளங்களை நம்பித்தான் வருகின்றன. 2022இல் வந்த ஓர் ஆய்வு, அந்தப் படுகையில் இரண்டு ஃபிளமிங்கோ இனங்கள் பதினோரு ஆண்டுகளில் 10 முதல் 12 சதவீதம் குறைந்திருப்பதைக் காட்டியது. ஆவியாக்காமல் லித்தியத்தை மட்டும் பிரித்துவிட்டு உப்புநீரைத் திரும்ப நிலத்துக்குள் விடும் முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவை எந்த அளவுக்குப் பழைய நீர் ஓட்டத்தைக் காக்கும் என்பதைச் சுரங்க உரிமம் கொடுப்பதற்கு முன்பே அளந்து பார்க்க வேண்டும். பழைய பேட்டரிகளிலிருந்து உலோகத்தை மீட்பதற்குச் சதுப்பு எதையும் தொட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ராம்சார் பட்டியலில் இருக்கிறதே, பிறகு என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தம் அது. நல்ல ஒப்பந்தம். ஆனால் அதற்குக் காவல்துறை கிடையாது, அபராதம் கிடையாது. அவசர தேசிய நலன் என்று சொல்லி ஒரு நாடு தன் ஈரநிலத்தின் எல்லையைச் சுருக்கிக்கொள்ளவே அதில் வழி இருக்கிறது, பதிலுக்கு வேறு ஈரநிலத்தைக் கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்ற வேண்டுகோளோடு. நிலைமை கெட்டுவரும் இடங்களை மாண்ட்ரூ பதிவேடு என்ற பட்டியலில் சேர்ப்பார்கள். செயின்ட் லூசியா அந்தச் சுரங்கத் திட்டத்தால் 1990இல் அதில் ஏறி 1996இல் இறங்கியது. ஆக, பட்டியல் ஒரு நெம்புகோல், அதை அழுத்த உள்ளூரில் ஆட்கள் வேண்டும். உலகப் பாரம்பரிய இடங்களில் தோண்ட மாட்டோம் என்று பெரிய சுரங்க நிறுவனங்களின் சர்வதேச மன்றம் 2003இல் உறுதி கொடுத்தது. ராம்சார் இடங்களுக்கு அதே உறுதியைக் கொடுக்கவில்லை. இதைக் கேட்டு வாங்குவது இன்னும் பாக்கி இருக்கிறது.

ஈடுகட்டுவது என்ற யோசனையிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. இங்கே ஒரு சதுப்பை எடுத்துக்கொள்கிறோம், அங்கே ஒன்றை உருவாக்கித் தருகிறோம் என்பார்கள். உலகெங்கும் 621 ஈரநிலங்களை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. மீட்கப்பட்ட அல்லது புதிதாக உருவாக்கப்பட்ட ஈரநிலங்கள் ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகும் தாவர, விலங்கு வளத்தில் சராசரியாக 26 சதவீதமும், கார்பன் சேமிப்பு போன்ற மண் செயல்பாடுகளில் 23 சதவீதமும் இயற்கையானவற்றுக்குப் பின்தங்கியே இருந்தன. கெட்டுப்போனதைச் சரிசெய்ய இது தடையில்லை. கெடுப்பதற்கு முன்பணமாக இதைக் காட்டத்தான் கூடாது.

சரி, ஒரு சாதாரண ஆள் என்ன செய்ய முடியும்? பெரும்பாலான நாடுகளில் சுரங்க அனுமதிக்கு முன் அறிக்கையைப் பொதுவில் வைத்துக் கருத்து கேட்பார்கள். அந்த நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் அந்த நீர்மட்ட வரைபடத்தைத் தேடுங்கள். கடைசிக் கோடு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். ஒரு மீட்டர் என்றால், பத்து சென்டிமீட்டர் கோடு எங்கே என்று எழுதிக் கேளுங்கள். கண்காணிப்புக் குழாய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பல அறிக்கைகளில் எல்லாமே குழியைச் சுற்றித்தான் இருக்கும், சதுப்புக்குள் ஒன்றுகூட இருக்காது. எத்தனை கோடைகளின் அளவுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரே ஒரு மழை நிறைந்த வருடத்தின் அளவை வைத்துப் போட்ட கணக்கு வறட்சியைப் பற்றி எதையும் சொல்லாது. குழியிலிருந்து இறைத்த நீரை எங்கே விடப்போகிறார்கள் என்பதும் முக்கியம். கோடையில் காய வேண்டிய சதுப்பில் வருடம் முழுக்க நீரை விட்டாலும் அது கெடும்.

அப்புறம், சுரங்கம் மூடிய பிறகு என்ன என்ற அத்தியாயம். அறிக்கைகளில் அது பெரும்பாலும் ஒல்லியாக இருக்கும். இறைப்பதை நிறுத்தியதும் நீர்மட்டம் உடனே ஏறிவிடாது. வெற்றுக்குழி நிரம்புவதற்கே சுற்றுப்புறத்து நீரைப் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருக்கும். வறண்ட பகுதியாக இருந்தால் குழியில் தேங்கிய ஏரி ஆவியாகிக்கொண்டே, இழுப்பு நிற்காமலே போகும். நீர்மட்டத்தின் மிக மோசமான இறக்கம் சதுப்பை வந்தடைவது சுரங்க நிறுவனம் கிளம்பிப்போன பிறகாகவும் இருக்கலாம். அப்போது குழாயில் நாடாவை இறக்கி அளக்க யார் இருப்பார்கள், அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள், பாதிப்பு தெரிந்தால் சரிசெய்ய யாருடைய பணம் எந்த வைப்பில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இது அதிகப்படியான கேள்வி என்று யாராவது சொன்னால், ஆஸ்திரேலியாவின் ககாடு ஈரநிலங்களை ஒட்டி இருக்கும் ரேஞ்சர் யுரேனியம் சுரங்கத்தைக் காட்டுங்கள். 1980இல் தொடங்கிய அதன் ஆலை 2021 ஜனவரியில் நின்றது. அதன் கழிவுகள் குறைந்தது 10,000 ஆண்டுகளுக்குச் சுற்றுப்புறத்தோடு கலக்காமல் பிரித்து வைக்கப்பட வேண்டும் என்பது அரசு விதித்திருக்கும் நிபந்தனை. அதே பகுதியில் ஜபிலூகா என்ற இன்னொரு யுரேனியப் படிவத்தைத் தோண்டவிடாமல், அந்த நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான மிரார் மக்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1998இல் ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டு மறியல் செய்தார்கள். 2024 ஜூலையில் அதன் குத்தகை புதுப்பிக்கப்படாது என்று அரசு அறிவித்து, அந்த நிலத்தைத் தேசியப் பூங்காவோடு சேர்க்கப்போவதாகவும் சொன்னது. ரேஞ்சரைச் சுத்தம் செய்யும் வேலை இன்னும் முடியவில்லை, அதற்கான செலவு மதிப்பீடு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே வருகிறது. ஜபிலூகாவில் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது முக்கியமாக ஒரு சுரங்கப்பாதைதான். அதை 2003இலேயே மூடிவிட்டார்கள்.